ஹோவி ரோஸ்மனின் பேரேடு: ஈகிள்ஸ் அணியைக் கட்டியதில் அவருடைய பங்கு எவ்வளவு?

பழைய வெட் மைதானம் எழுதியது:

அமெரிக்கக் கால்பந்து லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் 59இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸை 40–22 என்று வீழ்த்திய நாளிலிருந்து, பொது மேலாளர் ஹோவி ரோஸ்மனைப் பற்றிய பேச்சு இரண்டு முனைகளிலேயே நின்றுவிடுகிறது. ஒரு தரப்பினருக்கு அவர் பிழையே செய்யாத மேதை. மறுதரப்பினருக்கு அவர் 2020 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) பின்னாளில் நட்சத்திரமான ஜஸ்டின் ஜெஃபர்சனை விட்டுவிட்டு ஜேலன் ரேகரை எடுத்தவர். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பல ஆண்டு வேலையை மிகச் சிறந்த தேர்வை வைத்தோ மிக மோசமான தேர்வை வைத்தோ அளக்க முடியாது என்பதால், வேறோர் அளவுகோலை முன்வைக்கிறேன். தவறு நேர்ந்த பிறகு அந்த அணி எவ்வளவு விரைவில் எழுந்து நின்றது என்று பார்ப்போம்.

2018 பிப்ரவரி 4 அன்று மினியாபொலிஸில் பேட்ரியட்ஸை 41–33 என்று வென்ற ஈகிள்ஸ் அணியிலும், 2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் வென்ற அணியிலும் இருந்தவர்கள் நால்வர் மட்டுமே: பிராண்டன் கிரஹாம், லேன் ஜான்சன், பந்தை உதைக்கும் ஜேக் எலியட், உதைப்புக்குப் பந்தைப் பின்னால் அனுப்பும் ரிக் லொவாட்டோ. தலைமைப் பயிற்சியாளர் வேறு, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் வேறு. இடையில் 2020இல் 4 வெற்றி, 11 தோல்வி, 1 சமன் என்று அணி பள்ளத்தில் விழுந்தும் இருந்தது. ஒரே குவார்ட்டர்பேக்கைச் சுற்றி மீண்டும் மீண்டும் வென்ற அணிகள் இந்த லீகில் உண்டு. ஏழே ஆண்டுகளில் ஏறக்குறைய முழு அணியையும் கழற்றிப் பூட்டி மறுபடி கோப்பையைத் தொட்ட பொது மேலாளர்களை எண்ணிப் பாருங்கள், விரல்கள் மிஞ்சும்.

எப்படி நடந்தது என்பதற்கு ஒரே ஒரு சங்கிலியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2021 தொடக்கத்தில் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை இண்டியானாபொலிஸுக்கு அனுப்பியபோது கிடைத்தவை அவ்வாண்டின் மூன்றாம் சுற்றுத் தேர்வும் (டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமை, அணிகள் அதைக் கைமாற்றலாம்), 2022இன் நிபந்தனைக்குட்பட்ட இரண்டாம் சுற்றுத் தேர்வும். வென்ட்ஸ் அங்கே போதிய அளவு ஆடியதால் அந்த இரண்டாம் சுற்று முதல் சுற்றாக உயர்ந்து, 16ஆம் தேர்வாக வந்து சேர்ந்தது. ரோஸ்மன் அந்த 16ஐயும் தம் சொந்த 19ஐயும் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸிடம் கொடுத்து, 18ஆம் தேர்வு, 101ஆம் தேர்வு, 2023இன் முதல் சுற்று, 2024இன் இரண்டாம் சுற்று ஆகியவற்றை வாங்கினார் (கடைசிச் சுற்றுகளின் சில்லறையை விட்டுவிடுகிறேன்). 18ஐயும் 101ஐயும் டென்னஸிக்குக் கொடுத்து, வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஏ.ஜே. பிரௌனை அழைத்துவந்தார். செயின்ட்ஸின் 2023 முதல் சுற்று 10ஆம் தேர்வாக அமைய, சிகாகோவுடன் பேசி ஓரிடம் முன்னேறித் தடுப்பு வீரர் ஜேலன் கார்ட்டரை எடுத்தார். 2024 இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூப்பர் டிஜீனுக்காக மேலேறிய பரிமாற்றத்தில் பயன்பட்டது. இறுதிப் போட்டியில் சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸின் பந்தைப் பறித்து எல்லைக் கோடு வரை ஓடியவர் அதே டிஜீன்.

இப்போது மறுப்புகளை எழுதுங்கள். ரேகரின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

நான்காம் டவுன் எழுதியது:

ஐயா, ரேகரின் பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போக மாட்டேன், பட்டியலாகவே எழுதுகிறேன். 2011இல் முதல் சுற்றில் டேனி வாட்கின்ஸ்: டிராஃப்ட் செய்யப்பட்டபோதே 26 வயது, முன்னாள் தீயணைப்பு வீரர், இரண்டே பருவங்களில் கதை முடிந்தது. அதே ஆண்டு இரண்டாம் சுற்றில் ஜேக்வான் ஜாரட். 2014இல் முதல் சுற்றில் மார்கஸ் ஸ்மித். 2019இல் மூன்று இடம் மேலேறி எடுத்த ஆண்ட்ரே டிலார்ட், அதே ஆண்டில் டி.கே. மெட்காஃப் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கையில் 57ஆம் தேர்வில் ஆர்சேகா-வைட்சைட். 2020இல் ரேகர். இத்தனைக்கும் மேல், பெயர் பெற்றவர்களை விலைக்கு வாங்கிச் சேர்த்த 2011இன் "கனவு அணி" என்ற கூத்து வேறு இருக்கிறது. நம்டி அசோமுகாவுக்கு ஐந்து ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து, 8–8 (வெற்றி–தோல்வி) என்று முடித்து, மறு ஆண்டு 4–12இல் விழுந்து, தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீடை இழந்தோம்.

நீங்கள் காட்டிய சங்கிலி அழகானதுதான். ஆனால் அதன் முதல் கண்ணி எங்கே தொடங்குகிறது என்பதை நீங்கள் வசதியாகத் தாண்டிவிட்டீர்கள். வென்ட்ஸுக்கு 2019 ஜூனில் நான்கு ஆண்டுக்கு 12.8 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தவர் யார்? முன்னதாக முழங்கால் தசைநார் கிழிந்து, பிறகு முதுகிலும் காயம் பட்டிருந்த ஆட்டக்காரருக்கு, பழைய ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருக்கும்போதே, ரோஸ்மன் முந்திக்கொண்டு கையெழுத்து வாங்கினார். அடுத்த ஆண்டே இரண்டாம் சுற்றில் ஜேலன் ஹர்ட்ஸை எடுத்து, அதே வென்ட்ஸின் மனத்தில் கல்லெறிந்தார். 2021இல் வென்ட்ஸ் வேறு அணியில் ஆடிக்கொண்டிருக்க, நம் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் ஏறக்குறைய 3.38 கோடி டாலர் வெறும் சுமையாக நின்றது. அந்த நாள் வரையில் லீகில் எந்தவோர் ஆட்டக்காரருக்காகவும் எந்த அணியும் அவ்வளவு பெரிய தொகையைச் சுமந்ததில்லை. கொரோனா காரணமாக அணிச் சம்பள உச்சவரம்பே 18.25 கோடியாகக் குறைந்திருந்த ஆண்டு அது.

தாமே வைத்த தீயைத் தாமே அணைத்தவருக்கு எத்தனை முறை பதக்கம் கொடுப்பது?

கேப் கணக்கர் எழுதியது:

நான்காம் டவுன் சொல்லும் எண்கள் சரியானவை, அவற்றிலிருந்து எடுக்கும் முடிவோடுதான் எனக்கு உடன்பாடில்லை. 3.38 கோடி டாலர் சுமையை ஒரே ஆண்டில் விழுங்குவது என்று முடிவெடுத்ததே அந்த மீட்சியின் மையம். பெரும்பாலான அணிகள் அத்தகைய ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட்டால், கொடுத்த பணத்துக்கு நியாயம் காட்டுவதற்காகவே அந்த ஆட்டக்காரரை மேலும் இரண்டு பருவம் களத்தில் நிறுத்தும். பயிற்சியாளரை மாற்றும், ரிசீவர்களை மாற்றும், கடைசியில்தான் குவார்ட்டர்பேக்கை மாற்றும். ரோஸ்மன் போன பணத்தைப் போனதாகக் கருதினார். 2021இல் 9–8 என்று பிளேஆஃப் (கோப்பைக்கான வெளியேற்றுச் சுற்றுகள்) போன அந்த அணி, மறு ஆண்டு 14–3 என்று முடித்து சூப்பர் பௌல் 57இல் ஆடியது.

இந்த லீகில் ஒப்பந்தக் கணக்கு தெரியாமல் எந்தப் பொது மேலாளரையும் எடைபோட முடியாது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்தின்போது கொடுக்கப்படும் போனஸ் ஆட்டக்காரரின் கைக்கு உடனே போய்விடும். சம்பள உச்சவரம்பான கேப்பின் கணக்கில் மட்டும் அதை அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம். ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குத்தான் என்றாலும், ஆட்டக்காரர் ஆடப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரிந்த வெற்று ஆண்டுகளைப் பின்னால் ஒட்டிவைத்து அந்தப் பிரிப்பை நீட்டலாம். ஹர்ட்ஸின் 2023 ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டுக்கு 25.5 கோடி டாலர் வரை போகும் நீட்டிப்பு, கையெழுத்தான வேளையில் ஆண்டுச் சராசரியில் லீகிலேயே உச்சம். அப்படியிருந்தும் அந்தப் பருவத்தில் கேப் கணக்கில் அவர் பெயருக்கு எதிரே விழுந்தது ஏறக்குறைய 60 லட்சம் டாலர்தான்.

இந்த முறை வேலை செய்வதற்குக் காரணம், உச்சவரம்பு தொலைக்காட்சி வருமானத்தால் ஆண்டுதோறும் ஏறுவது. 2021இல் 18.25 கோடியாக இருந்தது, 2024இல் 25.54 கோடி, 2025இல் 27.92 கோடி. இன்று வாங்கிய கடனை நாளைய மலிவான டாலரில் அடைக்கிறார்கள். இதே உத்தியைச் செயின்ட்ஸும் கையாண்டார்கள். ஆனால் அவர்கள் வயதேறிய அணியைத் தூக்கிப்பிடிக்க அதைச் செய்தார்கள், ரோஸ்மன் இருபத்தைந்து வயதுக்காரர்களைச் சந்தை விலை ஏறுவதற்கு முன்பே கட்டிப்போடச் செய்கிறார். ஜோர்டன் மைலாட்டாவுக்கு 2021 செப்டம்பரில் நான்கு ஆண்டுக்கு 6.4 கோடி டாலர் கொடுத்தது அதற்குச் சரியான சான்று. இரண்டே ஆண்டுகளில், குவார்ட்டர்பேக்கின் இடப்புறத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிள் சந்தையில் அது மலிவு விலையாகிவிட்டது.

நியூயார்க் நீலம் எழுதியது:

ஜயன்ட்ஸ் ரசிகனான நான் இந்த இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும். பக்கத்து வீட்டிலிருந்து பார்ப்பவனுக்குச் சில விஷயங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

2021 டிராஃப்டில் 11ஆம் இடத்தில் நாங்கள் ரிசீவர் டெவான்டா ஸ்மித்துக்காகக் காத்திருந்தோம் என்பது அப்போதே ஊரறிந்த செய்தி. ரோஸ்மன் 12இலிருந்து 10க்கு ஏற, எங்கள் இருவருக்குமே பகையான டல்லஸுக்கு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வைக் கொடுத்தார். ஒரே பிரிவிலுள்ள எதிரியோடு பரிமாற்றம் செய்யக் கூடாது என்ற எழுதாத விதியை அவர் மதிக்கவே இல்லை. ஸ்மித் போனதும் எங்கள் அப்போதைய பொது மேலாளர் டேவ் கெட்டில்மன் பின்வாங்கி 20க்கு இறங்கினார்.

அடுத்து சேக்வன் பார்க்லி. 2018இல் நாங்கள் இரண்டாம் தேர்வில் எடுத்தவர். 2024இல் எங்கள் நிர்வாகம் விலை பேசாமல் விட்டபோது, மூன்று ஆண்டுக்கு 3.775 கோடி டாலர் என்று ரோஸ்மன் முடித்துவிட்டார். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்குப் பெரிய பணம் கொடுக்கக் கூடாது என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தவர்களில் அவரும் ஒருவர் என்றுதான் எல்லோரும் எண்ணியிருந்தோம். பார்க்லி அந்தப் பருவத்தில் 2,005 யார்டு ஓடினார். தம் கொள்கை எப்போது செல்லாது என்று தெரிந்து வைத்திருப்பதும் ஒரு திறமைதான். எதிராளிகளைப் பின்னால் தள்ளித் தள்ளி அவருக்கு வழி செய்யும் அந்த முன்வரிசை (லைன்) எங்களிடம் இருந்ததில்லை. அதே ஆட்டக்காரர் எங்களிடம் ஒரு மதிப்பும் உங்களிடம் வேறு மதிப்பும் பெற்றதன் காரணம் அதுதான். எங்கள் நிர்வாகத்தின் மேல் எனக்குள்ள கோபத்தை வேறோர் இழையில் கொட்டிக்கொள்கிறேன்.

நான்காம் டவுன் எழுதியது:

நியூயார்க் நண்பர் ஒரு பாதியைச் சொன்னார், மறுபாதியை நான் சொல்கிறேன். அந்தப் பரிமாற்றத்தில் நாங்கள் விட்டுக்கொடுத்த 12ஆம் இடத்தில் டல்லஸ் எடுத்தது தடுப்பு வீரர் மைக்கா பார்சன்ஸை. 10ஆம் இடத்தில் நின்றபோது அவரும் பட்டியலில் இருந்தார். அடுத்த சில ஆண்டுகள் ஆண்டுக்கு இருமுறை அவரை எதிர்கொள்ள வேண்டிய நிலையை நாங்களே விலை கொடுத்து வாங்கினோம்.

இன்னொன்று. 2018இல் முதல் சுற்றின் கடைசித் தேர்வான 32ஐ ரோஸ்மன் பால்டிமோர் ரேவன்ஸுக்கு விற்றார். ரேவன்ஸ் அங்கே எடுத்தது லமார் ஜாக்சனை.

பழைய வெட் மைதானம் எழுதியது:

லமார் ஜாக்சனைப் பற்றிய வாதத்தை ஏற்க முடியாது, நண்பரே. 2018 ஏப்ரலில் எங்களிடம் முந்தைய பருவத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு நெருங்கிவந்த வென்ட்ஸும், சூப்பர் பௌலின் சிறந்த ஆட்டக்காரர் நிக் ஃபோல்ஸும் இருந்தார்கள். அந்த நிலையில் மூன்றாவதாக ஒரு குவார்ட்டர்பேக்கை முதல் சுற்றில் எடுத்திருந்தால், இதே இழையில் நீங்கள்தான் முதல் ஆளாக அவரைத் திட்டியிருப்பீர்கள். அந்த 32ஐ விற்றுக் கிடைத்தவற்றைக் கொண்டு டாலஸ் கோடர்ட், அவான்டே மேடக்ஸ், மறு ஆண்டு மைல்ஸ் சாண்டர்ஸ் என்று மூவர் வந்தார்கள்.

பார்சன்ஸ் விஷயம் உண்மையான இழப்பு, மறுக்கவில்லை. ஸ்மித் வீணானவர் அல்லர் என்பதால் மட்டும் அந்தக் கேள்வி மறைந்துவிடாது.

2011 கனவு அணியைப் பொறுத்தவரை, அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட பாடத்தை 2017இல் பார்க்கலாம். பெயர் பெற்ற ஒருவருக்குக் கொட்டிக்கொடுப்பதற்குப் பதிலாக ஆல்ஷான் ஜெஃப்ரி, லெகாரெட் பிளௌண்ட், கிறிஸ் லாங், பேட்ரிக் ராபின்சன் என்று குறுகிய ஒப்பந்தங்களாகப் பலரைச் சேர்த்தார். டிம் ஜெர்னிகன், ரொனால்ட் டார்பி ஆகியோரைப் பரிமாற்றத்தில் வாங்கினார். பருவத்தின் நடுவில் நான்காம் சுற்றுத் தேர்வுக்கு ஜே அஜாயி வந்தார். ஃபோல்ஸையும் அதே கோடையில் திரும்ப அழைத்துவந்திருந்தார். டிசம்பர் 10 அன்று வென்ட்ஸின் முழங்கால் கிழிந்தது. அதற்கு முன்பே ஜேசன் பீட்டர்ஸும் ஜோர்டன் ஹிக்ஸும் பருவத்தை இழந்திருந்தார்கள். வேறு எந்த அணியும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

வலது டேக்கிள் எழுதியது:

இதுவரை ஒருவரும் சொல்லாத பெயர் ஜெஃப் ஸ்டௌட்லண்ட். 2013 முதல் தாக்குதல் முன்வரிசையான ஆஃபென்சிவ் லைன் பயிற்சியாளராக இருந்து, சிப் கெல்லி, டக் பீடர்சன், நிக் சிரியானி என்று மூன்று தலைமைப் பயிற்சியாளர்களைக் கண்டவர். 2018இல் ஏழாம் சுற்றில், 233ஆம் தேர்வாக மைலாட்டாவை எடுத்தது ரோஸ்மனின் மேதைமை என்று எழுதுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து ஒரு நாளும் ஆடியிராத ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆட்டக்காரரை, நிற்கும் நிலையிலிருந்து கைவைக்கும் இடம் வரை சொல்லிக்கொடுத்து, லீகின் தலைசிறந்த லெஃப்ட் டேக்கிள்களில் ஒருவராக்கியவர் ஸ்டௌட்லண்ட்தான். வாட்கின்ஸ் போன்ற ஒருவரும் அவர் கையில் வந்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ, தெரியாது. (டிலார்ட் அவர் கையில்தான் இருந்தார் என்று யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்படிப் பார்த்தால் விதைக்கும் பங்கு உண்டு.)

ஆனாலும் ரோஸ்மனுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் இந்த ஒரு விஷயத்தில்தான் மிக அதிகம். அணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவர் லைனுக்கு ஆள் எடுப்பதை நிறுத்துவதில்லை. லைனின் நடுவில் நிற்கும் சென்டர் ஜேசன் கெல்சி இன்னும் உச்சத்தில் ஆடிக்கொண்டிருந்த 2022இல் கேம் ஜர்கன்ஸை இரண்டாம் சுற்றில் எடுத்தார். அந்த ஆண்டு சென்டர்களை மதிப்பிடுவதில் கெல்சியின் கருத்தையே கேட்டார்கள். லாண்டன் டிக்கர்சன் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் முழங்கால் கிழிந்து, மற்ற அணிகள் தயங்கியபோது, 2021இல் 37ஆம் தேர்வில் வந்தார். 2024இல் எவரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மெக்காய் பெக்டனை ஓராண்டு ஒப்பந்தத்தில் வாங்கி, டேக்கிளாக இருந்தவரை ரைட் கார்டாக மாற்றினார்கள். கெல்சி 2024 மார்ச்சில் ஓய்வு பெற்றார். அதே பருவத்தின் முடிவில் அந்த லைன் கோப்பையோடு நின்றது. ஒரு தூண் போகும் முன்பே அடுத்த தூணை நட்டுவைக்கும் இந்தப் பழக்கம் மற்ற அணிகளில் பேச்சாகத்தான் இருக்கிறது.

வழிப்போக்கன் எழுதியது:

புதிய ரசிகன், ஒரு கேள்வி. ரோஸ்மனுக்குக் கீழே ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிட்டவர் ஜோ டக்ளஸ் என்றும், 2017 வெற்றிக்கு உண்மையான சொந்தக்காரர் அவரே என்றும் சிலர் சொல்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை?

வலது டேக்கிள் எழுதியது:

டக்ளஸ் 2016இல் ஆட்டக்காரர் தேர்வுப் பிரிவின் தலைவராக வந்து, 2019இல் நியூயார்க் ஜெட்ஸின் பொது மேலாளராகப் போனார். அவர் இருந்த காலத்தில் தேடல் பிரிவு சீர்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜெட்ஸில் அவர் இருந்த முழுக் காலத்திலும் அந்த அணி ஒருமுறைகூட பிளேஆஃப் காணவில்லை. 2024 நவம்பரில் நீக்கப்பட்டார். 2020இல் அவர் 11ஆம் தேர்வில் எடுத்த பெக்டன் ஈகிள்ஸ் சட்டையில்தான் சூப்பர் பௌல் வென்றார். ஆட்டக்காரரை அடையாளம் காண்பதும், அவரை எப்போது, என்ன விலைக்கு, எந்த இடத்தில் வைப்பது என்று தீர்மானிப்பதும் இரு வேறு வேலைகள். முதல் வேலையில் ரோஸ்மனை விடச் சிறந்தவர்கள் இருக்கலாம். அவர் சட்டம் படித்து, 2000இல் பயிற்சி ஊழியராக நுழைந்து, ஒப்பந்தக் கணக்குகளில் வளர்ந்தவர். இரண்டாவதில் அவருக்கு இணை குறைவு.

நான்காம் டவுன் எழுதியது:

அப்படியானால் 2023ஐ எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? 10–1 என்று தொடங்கி, கடைசி ஆறில் ஐந்தைத் தோற்று 11–6இல் முடிந்து, பிளேஆஃபின் முதல் ஆட்டத்திலேயே டாம்பாவிடம் 32–9 என்று மண்ணைக் கவ்விய பருவம். பயிற்சியாளர்களைக் குறை சொல்வது எளிது. தடுப்பு ஆட்டப் பொறுப்பை ஷான் டேசாயிடமிருந்து பருவத்தின் நடுவில் பிடுங்கி மேட் பெட்ரீசியாவிடம் கொடுத்த கேவலத்தை நானும் மறக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு என்ன ஆட்டக்காரர்களைக் கொடுத்தார்கள்? சூப்பர் பௌல் வரை போன அணியின் நடுக்களம் காக்கும் இரு லைன்பேக்கர்களான டி.ஜே. எட்வர்ட்ஸையும் கைசிர் வைட்டையும், கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிகள் இருவரையும் ஒரே கோடையில் போகவிட்டு, முப்பதை நெருங்கிய, ரிசீவர்களை மறிக்கும் கார்னர்பேக் ஜேம்ஸ் பிராட்பெரிக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தவர் ரோஸ்மன். லைன்பேக்கர் என்ற இடத்துக்குப் பணமோ உயர்ந்த தேர்வோ செலவிடத் தேவையில்லை என்ற அவருடைய நெடுநாள் பிடிவாதம் அந்த டிசம்பரில் அம்பலமானது. எதிரணிகள் நடுக்களத்தில் பந்தை வீசி வீசியே எங்களைப் பிரித்தெடுத்தன.

அதற்கு முந்தைய பருவத்தில் 70 சாக் (எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பந்து வீசும் முன்பே வீழ்த்துவது) எடுத்த அணி, சூப்பர் பௌல் 57இல் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்தவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 38–35 என்று கை நழுவிய கோப்பை அது.

கேப் கணக்கர் எழுதியது:

2023 குறித்த உங்கள் குற்றச்சாட்டு இந்த இழையிலேயே வலுவானது என்று நினைக்கிறேன், குறிப்பாக லைன்பேக்கர் பிடிவாதம். அதற்காகவே மறு ஆண்டு நடந்ததையும் அதே கண்ணோடு பார்க்கக் கேட்கிறேன். செயின்ட்ஸில் பெரும்பாலும் உதைப்பு ஆட்டங்களில் ஓடிக்கொண்டிருந்த ஜாக் பானை ஓராண்டுக்கு 35 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். தடுப்பு ஆட்டப் பயிற்சியாளர் விக் ஃபேன்ஜியோ அவரை நடு லைன்பேக்கராக நிறுத்தினார். பருவ முடிவில் லீகின் முதல்தரத் தேர்வு அணியில் இடம் பெற்றார். டிராஃப்டின் முதல் இரண்டு தேர்வுகளும் கார்னர்பேக்குகளுக்கே போயின: 22இல் குவின்யன் மிட்செல், 40இல் டிஜீன். சேஃப்டி கார்ட்னர்-ஜான்சன் திரும்ப அழைக்கப்பட்டார். இடிந்த இடம் எதுவோ அங்கேயே செங்கல் வைத்தார்கள். சூப்பர் பௌல் 59இல் கூடுதல் ஆட்களை அனுப்பாமலேயே மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தியதற்கு, முன்வரிசையில் கார்ட்டர், ஜோஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ் என்று நாங்களே எடுத்து வளர்த்தவர்கள் நின்றார்கள் என்பதே காரணம். பின்னர் பானுக்கு மூன்று ஆண்டுக்கு 5.1 கோடி டாலரும் கொடுத்தார்கள், 2025இல் முதல் சுற்றில் ஜிஹாத் கேம்பெல் என்ற லைன்பேக்கரையும் எடுத்தார்கள். பிடிவாதத்தை விட்டாரா, விலை நன்றாக இருந்ததால் வாங்கினாரா என்பது விவாதத்துக்குரியது; இரண்டாவதுதான் என்பது என் ஊகம்.

ஓர் ஒப்புநோக்கும் வேண்டும். அவருடைய பெருமையில் உரிமையாளர் ஜெஃப்ரி லூரியின் பணப்பைக்கும் பங்குண்டு. போனஸைப் பின்னால் தள்ளிப் பிரிப்பது கேப் கணக்கில்தான். ரொக்கத்தை முன்கூட்டியே எண்ணி வைப்பவர் உரிமையாளர். அதற்குத் தயங்கும் உரிமையாளரிடம் இதே ரோஸ்மன் வேலை செய்தால் இந்த வித்தைகளில் பாதி நடக்காது. 2015இல் ஆட்டக்காரர் தேர்வு அதிகாரம் முழுவதும் சிப் கெல்லியிடம் போய், ரோஸ்மன் வேறு மாடிக்கு ஒதுக்கப்பட்டபோதும் அவரை வெளியே அனுப்பாமல் வைத்துக்கொண்டவர் லூரியே.

பழைய வெட் மைதானம் எழுதியது:

2015ஐத் தொட்டது நல்லது. கெல்லி ஒரே ஆண்டில் லெஷான் மெக்காயை அனுப்பி, டிமார்கோ மர்ரே, பைரன் மாக்ஸ்வெல் ஆகியோருக்கு நீண்ட ஒப்பந்தங்கள் கொடுத்து, 7–9இல் முடிந்த பருவத்தின் இறுதி ஆட்டத்துக்கு முன்பே நீக்கப்பட்டார். ரோஸ்மன் திரும்பிவந்த சில வாரங்களில் மாக்ஸ்வெல்லும் கீகோ அலான்சோவும் மயாமிக்குப் போனார்கள். அந்தச் சுமைகளை வாங்கிக்கொண்டதோடு மயாமி தன் 8ஆம் தேர்வையும் எங்கள் 13க்கு மாற்றிக்கொடுத்தது. மர்ரே டென்னஸிக்குப் போனார். அந்த 8இலிருந்துதான் 2க்கு ஏறி வென்ட்ஸை எடுத்தார். பிறகு ஆகஸ்ட் இறுதியில் மினசோட்டாவின் குவார்ட்டர்பேக் டெடி பிரிட்ஜ்வாட்டர் காயமடைந்ததும், செப்டம்பரில் எங்கள் குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டைக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் மீட்டார். பிறர் செய்த தவறையும் தம் தவறையும் ஒரே வேகத்தில் கழித்துக்கட்டுகிறார் என்பதைத்தான் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2022 ஆகஸ்டில் அவர் ரேகரை மினசோட்டாவுக்கும், ஆர்சேகா-வைட்சைடை சியாட்டிலுக்கும் அனுப்பினார். ஜெஃபர்சனையும் மெட்காஃபையும் எடுத்திருந்த அதே இரு அணிகள். இதைச் செய்யத் தனி முகம் வேண்டும்.

நான்காம் டவுன் எழுதியது:

முகம் வேண்டும் என்பதை மனமார ஏற்கிறேன்.

மற்றபடி என் நிலை இது. ஈகிள்ஸ் வரலாற்றில் இவரை விடச் சாதித்த பொது மேலாளர் இல்லை என்று எழுதினால் கையெழுத்திடுவேன். டிராஃப்டில் தேர்ந்த கண் உடையவர் என்று எழுதினால் இட மாட்டேன். 2021க்குப் பிறகு வந்த டிராஃப்டுகள் முந்தையவற்றை விடச் சிறந்தவை என்பது உண்மை. அது அவர் கற்றுக்கொண்டதாலா, ஜார்ஜியா, அலபாமா போன்ற பெரிய கல்லூரிகளில் மட்டுமே கைவைப்பது என்று பாதுகாப்பான பாதைக்குத் திரும்பியதாலா என்று இன்னும் சில ஆண்டுகள் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஜோர்டன் டேவிஸ், நக்கோபி டீன், கார்ட்டர், நோலன் ஸ்மித் எல்லோரும் ஜார்ஜியாவின் ஒரே தடுப்பு அணியில் ஆடியவர்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

கேப் கணக்கர் ஐயா சொன்ன வெற்று ஆண்டுகளில் இன்னொரு ஐயம். ஆட்டக்காரர் போய்விட்டால் பின்னால் தள்ளிவைத்த தொகை என்ன ஆகும்?

கேப் கணக்கர் எழுதியது:

மறையாது. எழுதப்படாமல் மீதமிருக்கும் போனஸ் முழுவதும் அவர் போகும் ஆண்டின் கணக்கில் ஒரேயடியாக விழும். ஜூன் 1க்குப் பிறகு பிரிவு பதிவானால் இரண்டு ஆண்டுகளாகப் பிரியும். கெல்சி, ஃபிளெட்சர் காக்ஸ் ஆகியோர் ஓய்வு பெற்ற பிறகும் அவர்கள் பெயர்கள் கேப் பட்டியலில் நின்றது இதனால்தான். 2025இல் ஸ்வெட் அரிசோனாவுக்கும் வில்லியம்ஸ் நியூ இங்கிலாந்துக்கும் போனபோது அவர்களைத் தக்கவைக்காததற்கும் இதுவே பின்னணி: கார்ட்டருக்கும் மற்ற இளையவர்களுக்கும் பெரிய ஒப்பந்தம் எழுத வேண்டிய ஆண்டுகள் வரிசையில் நின்றன. வில்லியம்ஸுக்கு நியூ இங்கிலாந்து கொடுத்தது நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலர். அந்த விலையில் அவரை வைத்திருந்தால் கார்ட்டரின் ஏஜென்ட் எந்த எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்கியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.